நீலத் துணிக்கு முன்னால் எடுத்த படம்

தம்பிக்கு,

அம்மா எழுதுகிறேன். போனிலேயே சொல்லலாமே, எதற்குக் காகிதம் என்று நினைப்பாய். போனில் நான் பொய் சொல்லிவிடுகிறேன், அதனால்தான். நீ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்குக் கூப்பிட்டு, "சாப்ட்டியாம்மா, மாத்திரை போட்டியா, முட்டி வலி எப்படி இருக்கு" என்று மூன்று கேள்வி கேட்கிறாய். மூன்றுக்கும் ஒரே மூச்சில் பதில் சொல்லிவிட்டு நான் உன்னைப் பற்றிக் கேட்க ஆரம்பித்துவிடுகிறேன். நாலாவதாக ஒரு கேள்வி இருக்கிறது. அதை நீ கேட்டதில்லை. உனக்குக் கேட்கக் கற்றுக்கொடுக்காதவள் நான்தான். வருகிற திங்கட்கிழமையிலிருந்து உன்னைக் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரியில் முதியோர் வார்டு டியூட்டிக்கு மாற்றுகிறார்கள் என்று சொன்னாய். அங்கே உனக்கு அந்தக் கேள்வி தினமும் வேண்டியிருக்கும். அதை நீ என்னிடமும் கேட்க வேண்டியிருக்கிறது. இரண்டுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கடிதம். நீளமாக வரும்போலிருக்கிறது. டியூட்டி முடித்துக் குளித்துச் சாப்பிட்டுவிட்டு நிதானமாக உட்கார்ந்து படி.

முப்பத்திரண்டு வருஷம் நர்ஸ் வேலை பார்த்தவள் நான். அதில் கடைசி நாலு வருஷம் வீடு வீடாகப் போய்ச் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை கொடுக்கிற வேலை. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை பென்னலூர். அங்கே ஏகாம்பரம் என்று ஒரு பெரியவர் இருந்தார். உனக்குப் பெயர் தெரியும், ஆளைப் பார்த்ததில்லை. ஊரே அவரை நைனா என்று கூப்பிடும், நானும் அப்படித்தான். மகன் ஒரு கம்பெனியில், மருமகள் செல்வி இன்னொரு கம்பெனியில், இருவருக்கும் வேறு வேறு ஷிப்ட். பின்பக்கத்து அறைகளில் தென்மாவட்டத்துப் பையன்கள் வாடகைக்கு இருந்தார்கள். மனைவி போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனுஷனிடம் மாட்டினால் அரை மணி நேரம் போய்விடும். முட்டி வலி, நெஞ்சு கரிக்கிறது, வாடகைக்காரன் பைக்கைக் குறுக்கே நிறுத்துகிறான், தொட்டியில் தண்ணீர் நிரம்பி வழிகிறது என்று ஒவ்வொன்றாக எடுப்பார். நான் மெஷினைக் கையில் கட்டிவிட்டு, "நைனா, கொஞ்சம் வாய மூடிகினு இருந்தாத்தான் பிரஷர் சரியா வரும்" என்பேன். உண்மையில் எனக்கு அடுத்த வீட்டுக்குப் போக வேண்டும்.

ஒரு ஆடிமாசத்திலிருந்து அவர் வம்பு பேசுவதை நிறுத்திவிட்டார். போனால் கையை நீட்டுவார், மாத்திரையை வாங்கிக்கொள்வார், சரிம்மா என்பார். இரண்டே நிமிஷத்தில் வேலை முடிந்தது. அடுத்த மாதம் பார்த்தால் இருநூற்று முப்பதில் இருந்த சர்க்கரை நூற்றுப் பத்துக்கு வந்திருக்கிறது. எனக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் மற்ற பெரியவர்கள் மாத்திரைக்காக உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஏகாம்பரம் நைனாவப் பாத்துக் கத்துக்குங்க, வாயக் கட்டினா சர்க்கரை எப்படி இறங்குதுன்னு பாருங்க" என்று சத்தமாகச் சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். கூச்சப்படுகிறார் என்று நினைத்தேன். வேலைக்காகக் கொடுத்த போனில் அவர் பெயருக்கு நேரே எல்லாக் கட்டத்திலும் நல்லபடியாகப் பதிவு செய்தேன். தம்பி, அவர் பத்தியம் இருக்கவில்லை. சாப்பிடுவதையே விட்டிருந்தார். இத்தனை வருஷ சர்வீஸ் இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் எனக்கு வேண்டிய எண் வந்துவிட்டது.

அப்புறம் சாமான்களைக் கொடுக்க ஆரம்பித்தார். ரேடியோவை வாடகைக்காரப் பையனிடம் கொடுத்தார். சைக்கிளை டீக்கடைக்காரரிடம் கொடுத்தார். எனக்கு ஒரு குடை, பிரிக்காத புதுக் குடை, "நீ வெயில்ல சுத்தறியேம்மா" என்று சொல்லிக் கொடுத்தார். பெரிய மனசு என்று வீட்டில் வந்து உன் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். அடுத்த மாதச் செவ்வாய்க்கிழமை, ஸ்ரீபெரும்புதூரில் போட்டோ ஸ்டுடியோவுக்குக் கூட்டிப் போக முடியுமா என்று கேட்டார். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும். ஒருவர் போனால் மறுநாள் காலைக்குள் தெருமுனையில் பேனர் கட்டிவிடுவார்கள். நல்ல படம் இல்லாவிட்டால் ஓட்டர் அட்டையில் இருப்பதைப் பெரிதாக்கிப் போடுவார்கள், முகமே அடையாளம் தெரியாது. அதனால் கொஞ்சம் முன்யோசனை உள்ளவர்கள் உயிரோடு இருக்கும்போதே ஒரு படம் எடுத்து வைத்துவிடுவார்கள். அதை யாரும் அபசகுனமாக நினைப்பதில்லை. "என் பொண்டாட்டி பேனர்ல யாரோ மாதிரி இருந்தாமா, எனக்கு மனசே ஆறல. என்னுதாவது நல்லா வரணும்" என்றார். இதில் தப்பு சொல்ல என்ன இருக்கிறது என்று நானே என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப் போனேன்.

அந்த ஸ்டுடியோவில் நீலத் துணி ஒன்று சுவரில் தொங்கும். அதற்கு முன்னால் ஸ்டூலில் உட்கார வைத்து, என் சீப்பால் அவருக்குத் தலை சீவிவிட்டேன், சட்டைக் காலரைச் சரி பண்ணினேன். "கொஞ்சம் சிரிங்க நைனா" என்றேன். "பேனர் படத்துல சிரிச்சா நல்லாவாம்மா இருக்கும்" என்று கேட்டார். நானும் ஸ்டுடியோக்காரரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. ஒன்பதாம் நாள், செல்வியின் கம்பெனியில் மெஷின் லைன் நின்றுபோய் அரை நாளிலேயே எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவள் அப்படி வேளை கெட்ட வேளையில் வந்து கதவைத் தட்டியதால்தான் அவர் பிழைத்தார். என்ன செய்துகொண்டார் என்பதை எழுதமாட்டேன், அது உனக்கு வேண்டாம். பிழைத்துவிட்டார், அவ்வளவு போதும்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் கட்டில் பக்கத்தில் நின்று, கோபமாகத்தான் கேட்டேன். மாசாமாசம் வந்தேனே, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே நைனா என்று. "நீ கேக்கலியேம்மா. கேட்டிருந்தா சொல்லிருப்பேன். அல்லாரும் சாப்ட்டியான்னு கேட்டாங்க, மாத்திர போட்டியான்னு கேட்டாங்க. சாவணும்னு தோணுதான்னு ஒருத்தரும் கேக்கல" என்றார். செல்வி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள். அந்தப் புதுக் குடை என் கையில் இருந்தது.

இப்போது உன் வார்டுக்கு வருகிறேன். வயதானவர்கள் யாரும் உன்னிடம் வந்து மனசு சரியில்லை என்று சொல்லமாட்டார்கள். அவர்களுக்கு அந்தப் பேச்சே பழக்கமில்லை. வயிறு என்பார்கள், முதுகு என்பார்கள், தலை கனக்கிறது என்பார்கள். ஸ்கேனில் ஒன்றும் இருக்காது, ஆனால் வலி பொய்யில்லை. விடியுமுன்னே விழிப்பு வந்து படுத்தே கிடப்பார்கள். தினமும் பேப்பர் படித்தவர் பேப்பரைத் தொடமாட்டார். கேட்டதைத் திரும்பத் திரும்பக் கேட்பார், மறதி வந்துவிட்டது, வயசு அப்படி என்று வீட்டார் சொல்வார்கள். வயசு என்ற ஒரு வார்த்தையைப் போட்டு எல்லாவற்றையும் மூடிவிடாதே. நான் இருப்பது உங்களுக்குத்தான் தொந்தரவு என்று ஒருவர் சொன்னால், அதைச் சும்மா பேச்சு என்று தள்ளாதே. எரிச்சல்படுகிறவரைவிட, நேற்று வரை எரிச்சல்பட்டுவிட்டு இன்றைக்குத் திடீரென்று சாந்தமாகிவிட்டவரைக் கவனி. எல்லாரும் அவரை நல்ல பேஷண்ட் என்பார்கள். எனக்கு அந்த வார்த்தையைக் கேட்டாலே இப்போது பயமாக இருக்கிறது.

கவனித்தால் மட்டும் போதாது, கேட்க வேண்டும். கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்ததாக ஆகிவிடும் என்று உன் சீனியர்களே சொல்வார்கள். ஆகாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதை இறக்கிவைக்க இடம் கொடுத்ததாகத்தான் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து, கையில் நோட்டு இல்லாமல், சுற்றிவளைக்காமல் கேள். உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா என்று கேள். ஆமாம் என்றால் பதறாதே, புத்திமதி சொல்லாதே, எப்படி எப்போது என்று ஏதாவது நினைத்து வைத்திருக்கிறார்களா என்று அடுத்ததையும் கேள். அவரைத் தனியாக விட்டுவிட்டு நகராதே. டாக்டரிடம் சொல், வீட்டாரிடம் சொல், ஆபத்தானது எதுவும் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள். ரகசியமாக வைத்துக்கொள் என்று கெஞ்சுவார்கள், அந்த ஒரு சத்தியத்தை மட்டும் செய்துவிடாதே. நைனாவுக்குப் பிறகு ரிட்டயர் ஆகும் வரை நான் எல்லாரையும் கேட்டேன். இருங்காட்டுக்கோட்டையில் ஒரு கிழவி, "நான் ஏன்டி சாவணும், என் மருமவளப் போயி கேளு" என்று விரட்டினாள். இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். இருவரும் நன்றாக இருக்கிறார்கள். நைனாவும் மனநல டாக்டர் கொடுத்த மாத்திரையில் ஒரு ஆறு வாரத்தில் மறுபடி வாடகைக்காரன் பைக்கைப் பற்றிக் குறை சொல்ல ஆரம்பித்தார். செல்வி எனக்குப் போன் பண்ணி, "நர்சம்மா, மாமா இன்னிக்கு ஒரு மணி நேரம் திட்னாரு" என்று சந்தோஷமாகச் சொன்னாள். அதிலிருந்து ஒவ்வொரு மாத்திரைச் செவ்வாய்க்கிழமையும், நான் ரிட்டயர் ஆன பிறகும்கூட, அவர் எனக்குப் போன் பண்ணுவார்.

இனி எழுதுவதுதான் கஷ்டம். உன் அப்பா போய் இரண்டு வருஷமாகிறது. படப்பையில் இந்த மனையை வாங்கி வீடு கட்டும்போது சுற்றிலும் சீக்கிரம் வீடுகள் வந்துவிடும் என்று அவர் சொன்னார். இரண்டு பக்கமும் இன்னும் எல்லைக் கற்கள்தான் நிற்கின்றன. எதிர்வீட்டில் கணவன் மனைவி இருவரும் கம்பெனிக்குப் போகிறார்கள், பூட்டைத்தான் பார்க்கிறேன். மாடியில் ஆறு பையன்கள் இருக்கிறார்கள், மூன்று ஷிப்ட், ஒருவன் ஏறும்போது ஒருவன் இறங்குவான். முகம் எனக்குப் பழகவில்லை. படிக்குக் கீழே கிடக்கிற செருப்பை வைத்து இன்றைக்கு யார் இருக்கிறான் என்று தெரிந்துகொள்கிறேன். சில நாள் அந்தச் செருப்புகளைப் பார்ப்பது தவிர வேறு வேலையே இருப்பதில்லை. தம்பி, எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. பிடித்திருக்கிறது என்று உன்னிடம் சொன்னேன், நிம்மதியாக டிவி பார்க்கிறேன் என்று சொன்னேன். டிவி நாலு மாதமாக ஓடவில்லை. ரீசார்ஜ் பண்ணத் தோன்றவில்லை.

எனக்கு அறிகுறி எல்லாம் தெரியும், அதனால் ஒளிக்கவும் தெரிந்தது. சாப்பாடு இறங்காததற்குச் செவ்வாய், வெள்ளி, சனி என்று விரதம் பிடித்தேன். "அம்மாவுக்கு பக்தி முத்திப்போச்சு" என்று நீ கிண்டல் பண்ணினாய், நானும் சிரித்தேன். பிரஷர் மெஷினைப் புதிதாக வந்த நர்ஸ் பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். வீட்டுப் பத்திரத்தைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு, எது எங்கே இருக்கிறது என்று எழுதி மேலே ஒட்டினேன். உன்னிடம் அதைப் போனில் சொன்னபோது, "நீ எவ்ளோ தெளிவா இருக்கம்மா. முன்ன மாதிரி எதுக்கும் கோவமே படறதில்ல இப்ப" என்றாய். சர்க்கரை இறங்கியதற்கு நான் நைனாவைத் தெருவில் பாராட்டினேனே, அதே பாராட்டு. எனக்கு அழுகை வந்தது, தண்ணீர் குழாய் திறந்திருக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அப்புறம் ஒருநாள் பென்ஷன் வேலை இருக்கிறது என்று எனக்கே ஒரு சாக்கு சொல்லிக்கொண்டு ஸ்ரீபெரும்புதூர் போனேன். பச்சைப் பட்டுச் சேலை கட்டியிருந்தேன். அதே ஸ்டுடியோ, அதே ஸ்டூல். படத்தை உனக்கு அனுப்பினேன். நீ "சூப்பர்மா, இதையே டிபியா வை" என்று எழுதி மூன்று இதயம் போட்டாய். வைத்தேன்.

உன்னைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை, முதலில் அதைப் புரிந்துகொள். நீ பதினொன்றாவது படிக்கும்போது ஒரு மாதம் போல யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாய், நினைவிருக்கிறதா? நான் என்ன கேட்டேன்? சாப்பிட்டாயா என்று கேட்டேன். ஆம்பளைப் பிள்ளை இப்படிப் படுத்திருக்கக் கூடாது என்று போர்வையை இழுத்தேன். பள்ளிக்கூடத்தில் உனக்கு என்ன நடந்தது என்று இன்று வரை எனக்குத் தெரியாது. நீயாகவே எழுந்து வந்தாய், நான் இட்லி வைத்தேன், சரியாகிவிட்டது என்று முடிவு பண்ணிக்கொண்டேன். இந்த வீட்டில் சாப்பாட்டைத் தாண்டி எதையும் கேட்கக் கூடாது என்று உனக்குப் பழக்கிவிட்டவள் நான். அதற்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். இத்தனை நாள் கேட்காமல் இருந்ததற்கும் சேர்த்து.

போன மாதம் ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும், கேட் சத்தம் கேட்டது. பார்த்தால் நைனா. எண்பது வயசு ஆள், கையில் ஒரு கட்டு முருங்கைக்காய், மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிறார். பஸ் பிடித்து, ஒரகடத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோவில் நெருக்கி உட்கார்ந்து, வழியெல்லாம் விசாரித்து வந்திருக்கிறார். முந்தின நாள் மாத்திரைச் செவ்வாய்க்கிழமை. அவர் இரண்டு தடவை போன் பண்ணியும் நான் எடுக்கவில்லை. அதற்கு முந்தின மாதமும் எடுக்கவில்லை. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மருமவ போன்ல உன் படத்தக் காட்னா, நர்சம்மா. நல்லா கீது."

"சும்மாதான் எடுத்தேன் நைனா. ஆசையா இருந்துச்சு."

"நானும் அப்ப சும்மாதான் எடுத்தேன். அதே நீலத் துணி." கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "சாப்ட்டியான்னு கேக்க வர்ல. சாவணும்னு தோணுதாம்மா?"

எத்தனை பேரிடம் கேட்ட கேள்வி அது. இப்போது என்னிடமே வந்தது. டீ போடுகிறேன் என்று சமையலறைக்குள் ஓடி அடுப்பைப் பற்ற வைத்தேன். பால் இல்லை. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்து வாசற்படியில் நின்றார். "பாலு வாங்கி எத்தினி நாளாச்சு?" என்றார். எனக்குக் கணக்குத் தெரியவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு, ஆமாம் நைனா, தோணுது என்றேன். அதைச் சொன்னதும் தரையில் உட்கார்ந்து அழுதேன். அழாதே என்று அவர் சொல்லவில்லை. "நாளு கீளு பாத்து வெச்சிகிறியா?" என்று அடுத்ததையும் கேட்டார். இன்னும் இல்லை என்றேன், அது உண்மை. "சரி, அழு. நான் எங்கியும் போவல. செல்விக்கு போன் போட்டுக் குடு, ஷிப்ட் முட்ச்சிகினு நேரா இங்க வரட்டும்" என்று அந்தச் சமையலறை வாசற்படியிலேயே, முட்டி வலியோடு, மெல்ல மெல்ல உட்கார்ந்தார். அவர் முருங்கைக்காயை ஒடித்துத் துண்டு போட்டுக்கொண்டிருந்தார்.

செல்வி வந்து என்னோடு மூன்று நாள் தங்கினாள். வீட்டில் எதெல்லாம் என் கைக்கு எட்டக்கூடாதோ அதெல்லாம் அவள் பையில் ஏறிப் பென்னலூருக்குப் போய்விட்டது. மறுநாளே மனநல டாக்டரிடம் கூட்டிப் போனாள். இன்றோடு மாத்திரை ஆரம்பித்து ஐந்து வாரம். நேற்று எனக்குப் பசித்தது, தக்காளிச் சாதம் செய்து இரண்டு தடவை போட்டுச் சாப்பிட்டேன். முழுக்கச் சரியாகிவிட்டது என்று சொல்லமாட்டேன். சில சாயங்காலம் கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போகிற சத்தம் கேட்கும்போது, உலகமே எங்கேயோ கிளம்பிப் போகிறது, என்னை மட்டும் இறக்கிவிட்டுவிட்டார்கள் என்று நெஞ்சை அடைக்கிறது. அப்படி அடைத்தால் செல்விக்குப் போன் பண்ண வேண்டும் என்று ஏற்பாடு. இரண்டு தடவை பண்ணினேன். உனக்குப் பண்ணவில்லை. பிள்ளை பயந்துவிடுவானே என்று நானும், அம்மா சங்கடப்படுவாளே என்று நீயும், இப்படியே எவ்வளவு நாள் ஓட்டுவது?

வேலையை விட்டுவிட்டு ஓடி வராதே. வந்தால் திட்டுவேன், திட்டும் தெம்பு கொஞ்சம் திரும்பியிருக்கிறது. பொங்கலுக்கு முறையாக லீவு போட்டு வா. நைனாவின் படத்தை என்ன செய்தார்கள் தெரியுமா? அந்தச் சட்டம் போட்ட படத்தைச் செல்வி அரிசி டிரம்முக்கு மூடியாகப் போட்டிருக்கிறாள். தினமும் அரிசி எடுக்கும்போது, "மாமா, கொஞ்சம் நவுருங்க" என்று அதைத் தூக்கிக் கீழே வைக்கிறாள். என்னுடையது பீரோவில் பட்டுச் சேலைக்கு அடியில் இருக்கிறது. நீ வந்து உன் கையாலேயே எடு. நம் வீட்டு அரிசி டிரம்முக்கும் மூடி உடைந்துதான் கிடக்கிறது.

அதற்கு முன்னால் இந்த ஞாயிற்றுக்கிழமை வருகிறது. நாலு மணிக்குக் கூப்பிடுவாய். சாப்பிட்டாயா என்று வாய் வரைக்கும் வரும், அதை விட்டுவிட்டு நாலாவது கேள்வியைக் கேள். குரல் நடுங்கினால் நடுங்கட்டும். இல்லையடா என்று நான் சட்டென்று சொன்னால் நம்பிவிடாதே, இன்னொரு தடவை கேள். இரண்டாவது தடவை நான் உண்மையைச் சொல்வேன்.

அம்மா